பழைய துப்பாக்கிக்கு என்ன விலை?



இந்த அவையில் நாணயம் சேர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். பழைய குத்துவிளக்கையும் கிராமபோன் பெட்டியையும் ஊர் ஊராகத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு நொடி உண்டு. பொருள் கையில் இருக்கும். மனம் அதில் ஒட்டிப்போயிருக்கும். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, விற்பவரைப் பார்த்து, "என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். அந்த ஒரு நொடியைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், உங்களில் பலர் தொட்டுக்கூடப் பார்த்திராதது. பழைய துப்பாக்கி. நான் உங்களை அழைத்துச் செல்லப்போகும் நாடு அமெரிக்கா. ஏன் துப்பாக்கி? ஏன் அமெரிக்கா? நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அதனால் அங்கே நடப்பதுபோன்ற திறந்த சந்தை இங்கே இல்லை. அங்கேயோ நூறு ஆண்டு, நூற்றைம்பது ஆண்டுப் பழமையான துப்பாக்கிகளைச் சேர்ப்பது ஒரு பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. முத்திரை உண்டு. பல தொழிற்சாலைகளின் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. பணம் பெரியது, போலியும் ஏராளம். ஆகவே பேரம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பேரத்தில் நாக்கைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். பார்க்கத் தெரிந்தவனே பேசத் தகுந்தவன். பார்க்கத் தெரிந்த அன்றே அவன் தோளில் ஒரு கடமையும் ஏறிவிடுகிறது. அந்தக் கடமை என்ன? கடைசியில் சொல்கிறேன். முதலில் சந்தைக்குப் போவோம்.

ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்று ஒரு நகரம். அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை துப்பாக்கிச் சந்தை கூடுகிறது. ஒரே கூரையின் கீழ் 4,000க்கும் மேற்பட்ட மேசைகள். நம் ஊர் மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? விலையா கேட்பார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் தரகரின் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கும் பேச்சு. துல்சாவிலும் அதே ஒழுங்குதான். தேர்ந்த சேகரிப்பாளர் மேசைக்கு முன் வந்ததும் விலைச் சீட்டைப் பார்ப்பதில்லை. "எடுத்துப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்கிறார். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். விரல் வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் வழவழப்பான பாகத்தைத் தொடாமல் பிடிக்கிறார். பிறகு பார்க்கிறார். பேசாமல் பார்க்கிறார்.

எதைப் பார்க்கிறார்? முதலில் பூச்சைப் பார்க்கிறார். பழைய துப்பாக்கிகளின் இரும்பு துருப்பிடிக்காதிருக்க, தொழிற்சாலையில் அதற்கு ஒரு கருநீல நிறம் ஏற்றுவார்கள். உறைக்குள் போய் வந்து, கை பட்டு, மழை பட்டு, அந்த நீலம் மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்த இடம் பழுப்பாகும், சாம்பலாகும். அசல் நீலம் இன்னும் எத்தனை விழுக்காடு மிச்சமிருக்கிறது? விலையின் முதல் கணக்கு இதுதான். அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் கையில் இருக்கும் விலைக் கையேடுகள் இந்த விழுக்காட்டை வைத்துத்தான் படிப்படியாக விலையைப் பிரிக்கின்றன. 98 விழுக்காட்டுக்கு ஒரு விலை, 90க்கு ஒரு விலை, 60க்கு வேறொரு விலை. எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே நடக்கும் வாதத்தில் பல நூறு டாலர்கள் கைமாறுகின்றன.

இப்போது ஒரு மகனை நினைத்துப் பாருங்கள். அப்பா வைத்துவிட்டுப்போன துப்பாக்கி. மங்கிக் கிடக்கிறது. மகனுக்கு அப்பா மேல் அவ்வளவு பாசம். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்து, பளபளவென்று புது நீலம் ஏற்றிக் கொண்டுவருகிறான். சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது? பாதி விலைகூடக் கேட்க ஆள் இல்லை. ஏன்? சாணை பிடித்தபோது முத்திரைகளின் விளிம்பு மழுங்கிப்போயிற்று. நேராக இருந்த முனைகள் உருண்டுபோயின. நூறு ஆண்டுகள் அந்த இரும்பின் மேல் எழுதிவைத்த எழுத்தை அவன் ஒரு பிற்பகலில் அழித்துவிட்டான். பழைய செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்ப்பவர் யாராவது இந்த அவையில் இருந்தால், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள்!

அடுத்து திருகாணி. ஆம், திருகாணிதான். அதன் தலையில் உள்ள கீறல் கூர்மையாக இருக்கிறதா, பொருந்தாத திருப்புளி போட்டுத் திருகிக் கிழிந்திருக்கிறதா? கிழிந்திருந்தால் யாரோ அரைகுறை உள்ளே கைவைத்திருக்கிறார் என்று பொருள். உள்ளே எந்தப் பாகத்தை மாற்றினாரோ! அதனால் அடுத்தபடியாக எண்களைப் பார்க்க வேண்டும். ஜெர்மனிப் படை 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் முழு எண் பொறித்திருப்பார்கள். சின்னச் சின்னப் பாகங்களிலும் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் அது பிறந்தபடியே இருக்கும் துப்பாக்கி. ஒன்று மாறினாலும் விலை சரிகிறது. விற்பவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அந்த இரண்டு இலக்கங்கள் பொய் சொல்வதில்லை.

முத்திரை எப்படிப் பேசுகிறது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் அரசு ரைஃபிள் தொழிற்சாலை இருக்கிறது. 1962 சீனப் போரை ஒட்டிய ஆண்டுகளில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று ஒரு ரைஃபிளை அங்கே புதிதாகவே செய்தார்கள். பார்வைக்கு வெள்ளைக்காரன் காலத்து 303 ரைஃபிளின் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். பிற்காலத்தில் அவை கழிக்கப்பட்டு, அமெரிக்கச் சந்தைக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன. அங்கே மேசைக்குப் பின்னால் நிற்பவர், "இது இரண்டாம் உலகப் போரைப் பார்த்த ரைஃபிள் ஐயா" என்று கதை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போர் முடிந்தது 1945இல். ரைஃபிளின் இரும்பிலோ இஷாப்பூர் தொழிற்சாலையின் குறியும் அறுபதுகளின் ஓர் ஆண்டும் பொறித்திருக்கிறது! வாய் ஒன்று சொல்கிறது, இரும்பு ஒன்று சொல்கிறது. எதை நம்புவது? அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே இதற்கென்றே ஒரு மூதுரை வழங்குகிறது: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே.

கதைக்கு விலையே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. மெய்யென்று காட்ட முடிந்த கதைக்கு உண்டு. அதைக் காட்டுவது காகிதம்.

பாட் காரெட் என்று ஒரு ஷெரீஃப். பில்லி தி கிட் என்ற பேர்போன கொள்ளைக்காரனை 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் சம்னரில் சுட்டுக் கொன்றவர். அவர் சுட்டது ஒரு கோல்ட் ரிவால்வரால். அதே காலத்தில் செய்த, அதே அளவு தேய்ந்த, யாருடையது என்று தெரியாத கோல்ட் ரிவால்வருக்கு விலை ஆயிரங்களில் நிற்கும். காரெட்டின் ரிவால்வர் 2021 ஆகஸ்டில் ஏலத்துக்கு வந்தது. 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 60 லட்சம் டாலருக்கும் மேலே!

இரும்பு ஒன்றுதான். இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது? இந்தத் துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கு அறுபடாத சங்கிலி இருந்தது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். காரெட் இறந்தது 1908இல். ரிவால்வர் டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஒரு மதுக்கடைக்காரரிடம் இருந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருந்தார். அவரும் இறந்த பிறகு, 1930களில், காரெட்டின் மனைவி அப்போலினாரியா நீதிமன்றத்துக்குப் போனார். அது என் கணவருடையது, எனக்கு வேண்டும் என்றார். வயதான ஒரு கைம்பெண் வழக்காடினார், வென்றார், வாங்கிக்கொண்டு போனார். அந்த வழக்குப் பதிவே பின்னாளில் அந்த ரிவால்வரின் உண்மைக்குச் சாட்சியாக நின்றது. அந்தப் பெண்மணியை நினைவில் வையுங்கள். திரும்பவும் அவரிடம் வருவோம்.

இன்னொரு சான்று. தையல் இயந்திரம் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். சிங்கர்! நம் பாட்டிகள் காலால் மிதித்துத் தைத்த அதே சிங்கர் நிறுவனம், 1941இல் அமெரிக்கப் படைக்காக 45 காலிபர் கைத்துப்பாக்கி செய்து கொடுத்தது. எத்தனை? வெறும் 500. அதோடு அதைவிட நுட்பமான வேறு கருவிகளைச் செய்யப் போய்விட்டது. அதே மாதிரித் துப்பாக்கியை ரெமிங்டன் ராண்ட் என்ற தட்டச்சுப்பொறி நிறுவனம் போர்க்காலத்தில் எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது. இரண்டும் ஒரே வடிவம். ஒரே தோட்டா. பக்கத்தில் பொறித்த பெயர்தான் வேறு. 2017இல் ஒரு சிங்கர் துப்பாக்கி ஏலத்தில் 4,14,000 டாலருக்குப் போனது. அப்படியென்றால் சாதாரணத் துப்பாக்கியின் மேல் சிங்கர் பெயரைப் பொறித்து விற்க ஆசைப்படுகிறவன் இருக்க மாட்டானா? இருப்பான். அவனிடம் ஏமாறாமல் உங்களைக் காப்பது உங்கள் வாய்ச் சாமர்த்தியமா? எழுத்தின் வடிவம், எண் வரிசை, ஆய்வாளரின் முத்திரை, இவற்றைப் படித்த படிப்புதான் காக்கும்.

சரி, பார்த்தாயிற்று. படித்தாயிற்று. இனி பேரத்துக்கு வருவோம். அங்கேயும் எழுதாத சட்டங்கள் உண்டு. நம் எல்லாருக்கும் பொருந்துகிற சட்டங்கள்.

ஒன்று. ஒருவர் கையில் பொருள் இருக்கும்வரை இன்னொருவர் விலை கேட்கக் கூடாது. அவர் கீழே வைக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நிற்க வேண்டும்.

இரண்டு. பொருளைப் பழிக்கக் கூடாது. "இது துரு, இது ஓட்டை, இதையா இந்த விலைக்கு?" என்று ஆரம்பித்தால், அதை இருபது ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தவரின் மனம் மூடிக்கொள்ளும். குறை இருந்தால் தொட்டுக் காட்டுங்கள். "இந்தத் திருகாணி மாற்றியது மாதிரி தெரிகிறதே" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. விலை தானாக இறங்கும்.

மூன்று. கேட்ட விலையையும் விற்ற விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சீட்டில் எழுதியிருப்பது ஒருவருடைய ஆசை. இதே பொருள் அண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதுதான் சந்தையின் தீர்ப்பு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. நியாயமான விலையைக் கேட்கும் துணிவு அவருக்கு இருக்கும்.

நான்கு. நேரம் அறிந்து பேசுங்கள். இரண்டு நாள் சந்தையில் சனிக்கிழமை காலையில் விற்பவர் கறாராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கனமான பெட்டிகளை மறுபடி கட்டி ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடும். அப்போது ரொக்கத்தோடு நிற்பவரின் சொல்லுக்கு மதிப்பு கூடும். ஆனால் நல்ல பொருள் ஞாயிறுவரை காத்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்து. இதுதான் மிக முக்கியம். நீங்கள் ஒரு விலை சொல்லி, அவர் சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு, "இன்னும் ஐம்பது குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று இழுக்கிறவரின் பெயர் அன்று மாலைக்குள் எல்லா மேசைக்கும் போய்விடும். அடுத்த முறை அவருக்கு நல்ல பொருளை யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். ஐம்பது டாலருக்கு ஒரு நற்பெயரை விற்றவர் ஆகிறார்.

பேரமே செய்ய முடியாத எல்லை ஒன்றும் உண்டு. அது சட்டம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்தவற்றைத் தொல்பொருளாக ஒதுக்கி வைக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றைச் சேர்ப்பவர்களுக்குத் தனி உரிமம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதியும் மாறுகிறது. இயந்திரத் துப்பாக்கிக்கோ 1934 முதல் பதிவு கட்டாயம். 1968 இறுதியில் ஒரு மாதம் மட்டும், பதியாதவற்றைத் தண்டனையில்லாமல் பதிந்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்போதும் பதியாமல் பரணில் கிடந்த துப்பாக்கிக்கு இன்று என்ன விலை? தாத்தா போர்க்களத்திலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம். புத்தம்புதிதாக மின்னலாம். அதற்கு விலையே இல்லை. விற்பவருக்கும் சிறை, வாங்குபவருக்கும் சிறை. இது உயிரைப் பறிக்கச் செய்யப்பட்ட பொருள் என்பதைச் சேகரிப்பாளர் ஒரு நாளும் மறக்கக் கூடாது. பாதுகாப்பையும் சட்டத்தையும் தள்ளுபடி விலைக்கு விட்டுக்கொடுக்கிறவரிடம் எனக்குப் பேச்சு இல்லை.

அன்பர்களே, இப்போது தொடக்கத்தில் சொன்ன கடமைக்கு வருகிறேன்.

ஒரு வயதான அம்மா சந்தைக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பழைய துணி சுற்றிய ஒரு பொதி. கணவர் போன மாதம் இறந்துவிட்டார். வீட்டை ஒழிக்கிறார். உங்கள் மேசையில் பொதியைப் பிரிக்கிறார். உள்ளே ஒரு கோல்ட் ரிவால்வர். நீலம் அப்படியே இருக்கிறது. எண்கள் ஒத்துப்போகின்றன. உங்களுக்கு மூச்சே நின்றுவிடுகிறது. அதன் விலை ஆறாயிரம் டாலர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கேட்கிறார்: "முந்நூறு டாலர் கிடைக்குமா தம்பி?"

என்ன செய்வீர்கள்?

இருநூற்றைம்பதுக்குத் தருகிறீர்களா என்று கேட்பீர்களா? பேரம்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வீர்களா? நான் சொல்கிறேன், அங்கே பேரம் நடக்கவே இல்லை. பேரம் என்றால் இரண்டு பேருக்கும் கண் தெரிய வேண்டும். இரண்டு வியாபாரிகள் மோதிக்கொள்ளட்டும்; முழு பலத்தோடு மோதட்டும். மேசை போட்டு விற்க வந்தவர் தன் பொருளைப் பற்றிப் படிக்காமல் வந்திருந்தால், படித்துவிட்டு வந்தவருக்கு லாபம் கிடைக்கட்டும்; அது உழைப்புக்குக் கூலி. ஆனால் விற்பதைத் தொழிலாகக் கொள்ளாத, துக்கத்தோடு வந்து நிற்கும் ஒருவரின் அறியாமை உங்கள் முதலீடாக முடியாது. "அம்மா, இது முந்நூறு டாலர் பொருள் இல்லை. இதன் மதிப்பு இவ்வளவு. நான் வியாபாரி. எனக்கு மேசை வாடகை இருக்கிறது, பயணச் செலவு இருக்கிறது, விற்கும்வரை பணம் முடங்கும். அதனால் நான் இவ்வளவு தருகிறேன். ஏலத்தில் விட்டால் கூடக் கிடைக்கலாம், நாள் ஆகும். யோசித்துச் சொல்லுங்கள்." இப்படிச் சொல்லிவிட்டு வைக்கும் லாபம் எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அது நேர்மையான லாபம்.

அப்போலினாரியா அம்மையாரை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். தன் கணவருடைய பொருளின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் போராடினார். தெரியாத மனைவிமார் எத்தனை பேர்? தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சொல்லாமல் போனது யாருடைய பிழை?

கடைசியாக ஒரு துப்பாக்கி. 2014 நவம்பரில் நெவாடா மாநிலத்தின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், பணியில் இருந்தவர்கள் ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த ரைஃபிளைக் கண்டார்கள். 1873 மாதிரி வின்செஸ்டர். கட்டை வெயிலிலும் பனியிலும் வெளுத்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்து, மரத்தோடு மரமாக நின்றிருந்தது. எண்ணைப் படித்தார்கள். வயோமிங் மாநிலத்தில் கோடி என்னும் நகரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலைப் பேரேடுகள் இருக்கின்றன. தேடிப் பார்த்தார்கள். 1882இல் செய்து அனுப்பப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். யார் வாங்கினார்? ஏன் அங்கே சாய்த்து வைத்தார்? ஏன் திரும்பி வரவில்லை? ஒரு வரிகூட இல்லை. இரும்பு தன்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டது. பேரேடு தன்னிடம் இருந்ததைச் சொல்லிவிட்டது. சொல்ல வேண்டிய மனிதர்தான் சொல்லாமல் போய்விட்டார்.

உங்கள் அலமாரியில் இருக்கும் காசும், விளக்கும், அஞ்சல்தலையும் அப்படி மரத்தடியில் நிற்க வேண்டுமா? இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதம் எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எழுதுங்கள்: இது என்ன, எங்கே வாங்கினேன், யாரிடம் வாங்கினேன், என்ன கொடுத்தேன், இதைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, வெறுமனே கேள்விப்பட்டது எது. எழுதிப் பொருளோடு வையுங்கள். வைத்த இடத்தை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ காட்டுங்கள். நாளைக்கு அவர்களில் யாரோ ஒருவர் அந்தப் பொருளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு மேசைக்கு முன்னால் நிற்க நேரலாம். அப்போது அவர் கேட்கும் விலை சரியான விலையாக இருக்கட்டும்.